வெடிக்குத் துள்ளும், பேருக்குத் திரும்பாது

“வெடி போட்டா எந்திரிச்சு உக்காந்து அழுறான். டிவியில விளம்பரப் பாட்டு வந்தா எந்த மூலையில இருந்தாலும் ஓடி வாரான். பேரச் சொல்லிக் கூப்பிட்டா மட்டும் திரும்ப மாட்டேங்கான். இவனுக்குக் காது கேக்குதா, கேக்கலையா?”

பேச்சு வராத இரண்டரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் இப்படித்தான் கேட்பார். ஊர் அச்சங்குளம் என்றால் அந்த வெடி தப்பாமல் வரும். சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் இடைப்பட்ட கரிசல் பூமி இது. 2021 பிப்ரவரி 12 அன்று இங்கே ஒரு பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அன்றைக்குத்தான் இப்படி ஓர் ஊர் இருப்பதே வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது. மற்ற நாட்களில் இந்த வட்டாரத்துக்கு வெடி என்பது பிழைப்பு. வெடித்துப் பார்க்காமல் பட்டாசு வெளியே போகாது. நான்கு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999-இல் சட்டம் வந்தது. அந்த வரம்புக்குள் வெடித்தாலும் தூளியில் கிடக்கிற பிள்ளை தூக்கிப் போட்டு எழும்.

அதனால் பிள்ளைக்குக் காது கேட்கிறது என்பது வீட்டுக்கு நிச்சயம். பிறகு ஏன் பேச்சு வரவில்லை? பதில்கள் தயாராக இருக்கும். ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும். அவன் அப்பனும் நாலு வயசுலதான் வாயத் திறந்தான். நாக்கில் வசம்பு தடவு. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துக்கோ. நேர்ந்துகொள்வதில் தவறில்லை. அதற்கிடையில் ஒன்றரை வருடம் ஓடிப்போவதுதான் இழப்பு.

ஒருவழியாக மருத்துவரிடம் போனால், முதலில் ‘பெரா’ டெஸ்ட் எடுக்கச் சொல்வார். தூங்கும் பிள்ளையின் தலையில் சின்னச் சின்னப் பித்தான்களை ஒட்டி, காதில் ‘டிக் டிக்’ என்று ஒலி கொடுப்பார்கள். அந்த ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை ஒழுங்காகப் போகிறதா என்று கோடு கோடாக வரைந்து காட்டும் சோதனை. முடிவு ‘நார்மல்’ என்று வரும். வீடு நிம்மதிப் பெருமூச்சு விடும். அந்தச் சோதனை மூளைத்தண்டோடு நின்றுவிடுகிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தாயின் கேள்விக்கான விடை அதற்கு மேலே இருக்கிறது.

தாய் சொன்னதில் மூன்று ஒலிகள் இருக்கின்றன: வெடி, விளம்பரப் பாட்டு, பேர். மூன்றும் ஒரே காதுக்குள்தான் நுழைகின்றன, ஆனால் உள்ளே போய்ச் சேரும் இடங்கள் வேறு வேறு. ஆட்டிசம் என்கிற மதியிறுக்கத்தில் பேச்சு ஏன் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை என்று முப்பது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கும் மூளை விஞ்ஞானிகள் இந்த மூன்று பாதைகளைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

வெடியின் பாதை குறுக்குவழி. சத்தம் காது நரம்பைத் தொட்டதும் மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு நரம்புத் திரள் கட்டளை போட்டுவிடுகிறது. ஒரு நொடியின் சிறு பங்கு நேரத்துக்குள் இமை மூடி, தோள் குறுகி, உடம்பு துள்ளிவிடும். சிந்திக்கிற மூளையிடம் இதற்கு அனுமதி கேட்பதே இல்லை. ஆகவே பிள்ளை வெடிக்குத் துள்ளினால் பலத்த சத்தம் காது வழியாக மூளைத்தண்டை எட்டுகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பேச்சைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. சொல்லப்போனால், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குச் சத்தம் மற்றவர்களைவிட அதிகமாகவே வலிக்கும். தீபாவளி வாரம் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பிள்ளைகள் உண்டு. வெடிச் சத்தத்தாலோ ஆலை மருந்தாலோ ஆட்டிசம் வந்திருக்குமோ என்று இந்தப் பக்கத்தில் சிலருக்குப் பயம் இருக்கிறது. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. இதில் மரபணுக்களின் பங்குதான் பெரிது.

பேருக்குத் திரும்பாத பிள்ளையைச் செவிடோ என்று சந்தேகிப்பது அச்சங்குளத்துக்கு மட்டும் உரியதல்ல. 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடுதான் ஆட்டிசம் என்பது மருத்துவத்தில் ஒரு தனி நிலையாக நுழைந்தது. அந்தப் பிள்ளைகளிலும் சிலரைப் பெற்றோர் செவிடு என்று நினைத்திருந்தார்கள். 11 பேரில் எட்டுப் பேருக்குப் பேச்சு வந்தது, மூன்று பேருக்கு வரவே இல்லை. ஏன் இந்த வேறுபாடு என்பதற்குக் கேனரிடம் விடை இல்லை. மூளையின் எந்த இடம் வேலை செய்கிறது என்று படம் பிடித்துப் பார்க்க அன்றைக்கு வழியும் இல்லை.

காது மடலுக்குக் கொஞ்சம் மேலே, நெற்றிப்பொட்டிலிருந்து பின்னோக்கி ஒரு விரலை ஓட்டிப் பாருங்கள். எலும்புக்கு அடியில், ஏறத்தாழ அந்தக் கோட்டிலேயே, மூளையின் பக்கவாட்டில் ஒரு நீண்ட மடிப்பும் அதன் கீழே ஒரு பள்ளமும் ஓடுகின்றன. ஒலி முதலில் வந்து இறங்கும் இடம் அந்த மடிப்பின் மேற்புறத்தில், உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே வெடியும் ஒலிதான், நாய் குரைப்பும் ஒலிதான், அம்மா கூப்பிடுவதும் ஒலிதான். 2000-இல் பாஸ்கல் பெலின் என்ற ஆய்வாளரின் குழு, அந்தப் பள்ளத்தின் ஓரமாகச் சில பகுதிகள் மற்ற ஒலிகளைவிட மனிதக் குரலுக்கு அதிகமாகச் சுறுசுறுப்பாவதைக் கண்டது. பேச்சாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சிரிப்பு, இருமல், முனகல் எதுவானாலும் மனிதத் தொண்டையிலிருந்து வந்தால் போதும். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஹாரனும் பாட்டும் கடைக்காரர் கூவலும் கலந்து கிடக்கும்போது, கண்டக்டர் நம்ம ஊர்ப் பேரைச் சொன்னால் மட்டும் தலை நிமிர்கிறதே, அந்த வேலைக்கு முதல் சல்லடை இங்கேதான் போடப்படுகிறது. கைக்குழந்தைகளிடம் ஏழு மாதத்துக்குள்ளேயே இந்தப் பிரிவினை தொடங்கிவிடுகிறது.

நான்கு வருடம் கழித்து, 2004-இல், பிரான்சில் ஆட்டிசம் உள்ள ஐந்து ஆண்களை ஸ்கேனில் படுக்க வைத்து இதே ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். மணி, வண்டி, விலங்கு போன்ற ஒலிகளுக்கு அவர்கள் மூளை மற்றவர்களுடையதைப் போலவே வேலை செய்தது. குரல் வந்தபோது அந்தத் தனிப் பகுதிகள் எழும்பவில்லை. குரலும் இன்னொரு சத்தமாகவே கடந்து போனது. ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கை. பின்னால் 2016-இல் ஜெர்மனியில் செய்த ஆய்வில், நன்றாகப் பேசத் தெரிந்த ஆட்டிசம் உள்ளவர்களிடம் அந்தக் குரல் பகுதிகள் இருக்கத்தான் செய்தன. யாருடைய குரல் என்று அடையாளம் பிடிக்கும் வேலையில் மட்டும் தடுமாற்றம் தெரிந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டிசம் என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்து வைத்திருக்கும் மனிதர்கள் ஒரே மாதிரி இல்லை, அவ்வளவுதான். பேசுகிறவரையும் பேசாதவரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எந்த மூளையின் படமும் கிடைக்காது.

அதைப் பிரித்துப் பார்த்தது சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு. எரிக் கோர்ஷேன், கேரன் பியர்ஸ், மைக்கேல் லொம்பார்டோ ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். ஒன்றிலிருந்து நான்கு வயது வரையிலான பிள்ளைகளை, அதுவும் ஆட்டிசமா இல்லையா என்று உறுதியாவதற்கு முன்பே, அவர்கள் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளையை ஆடாமல் அசையாமல் அரை மணி நேரம் படுக்க வைக்க முடியுமா? மயக்க மருந்து கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. குடும்பத்தை ராத்திரி பிள்ளை தூங்குகிற நேரத்துக்கு வரச் சொன்னார்கள். வீட்டில் தூங்க வைப்பதுபோலவே தூங்க வைத்து, அசந்த பிறகு மெதுவாக ஸ்கேனருக்குள் நகர்த்தினார்கள். அந்த இயந்திரம் போடும் ‘டம் டம்’ சத்தம் சாதாரணமானதில்லை. காதுக்கு மறைப்பு மாட்டி, அதன் வழியாக ஒரு பெண்குரலில் கதை ஓட விட்டார்கள். எளிய கதை கொஞ்சம், கடினமான கதை கொஞ்சம், நடுவில் அதே பேச்சைப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டிய உளறல் கொஞ்சம். தூங்கும் மூளையும் கேட்கிறது. கேட்கும் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அந்த ரத்த ஓட்டத்தைத்தான் எஃப்.எம்.ஆர்.ஐ படம் பிடிக்கிறது.

பிறகு காத்திருந்தார்கள். பிள்ளைகள் மூன்று, நான்கு வயதுக்கு வந்து, யாருக்கு ஆட்டிசம், யாருக்குப் பேச்சு ஓரளவு வந்தது, யாருக்கு மிகவும் பின்தங்கியது என்பது தெரிந்த பிறகு பழைய படங்களை எடுத்து வகை பிரித்தார்கள். 2015-இல் ‘நியூரான்’ இதழில் வெளியான முடிவு இது. ஆட்டிசம் இருந்தும் பின்னாளில் ஓரளவு நன்றாகப் பேசிய பிள்ளைகளின் மூளை, கதை கேட்டபோது மற்றக் குழந்தைகளின் மூளையைப் போலவே அந்தப் பக்கவாட்டு மடிப்பில் சுறுசுறுப்பாக இருந்தது. பேச்சு மிகவும் பின்தங்கிய பிள்ளைகளின் மூளையில் அதே இடம் மந்தமாகக் கிடந்தது. அதாவது, பேச்சு எப்படி அமையும் என்று தெரிவதற்கு முன்பே, கேட்கும் இடத்தில் பாதை பிரிந்திருக்கிறது. அதே குழுவின் 2012 ஆய்வு இன்னொன்றும் சொன்னது. பொதுவாகப் பேச்சின் வேலையை இடது பக்க மூளை மெல்ல மெல்லத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் அந்தக் கைமாற்றம் நடக்கவில்லை, பேச்சுக்கு வலது பக்கமே கூடுதலாக எழுந்தது.

வசம்பை நாக்கில் தடவும் பாட்டிமார்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை. கேட்கும் இடத்திலேயே பாதை பிரிகிறது என்று மருத்துவத்துக்கும் அண்மையில்தான் தெரியவந்தது.

இதே சான் டியாகோவில் இன்னொரு பெரிய ஊகமும் பிறந்தது, அதைச் சொன்னவர் நம்மவர். விளையனூர் எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மற்றவர் செய்வதைப் பார்க்கும்போது நாமே செய்வதுபோல இயங்கும் ‘கண்ணாடி நியூரான்கள்’ ஆட்டிசத்தில் பழுதாகியிருக்கலாம் என்று அவரும் லிண்ட்சே ஓபர்மேனும் 2006-இல் எழுதினார்கள். அழகான கருத்து, சட்டென்று புரியும், பத்திரிகைகளுக்கும் பிடித்துப்போனது. அடுத்த பத்தாண்டுகளில் மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அது நிற்கவில்லை. மூளை விஷயத்தில், கேட்டவுடன் புரிந்துவிடும் விளக்கத்தை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். மேலே சொன்ன பக்கவாட்டு மடிப்புக்கும் இது பொருந்தும். ஒரே ஓர் இடத்தில் பல்பு எரியவில்லை என்று கதை முடிந்துவிடாது.

ஸ்டான்ஃபோர்டில் டேனியல் ஆப்ரம்ஸும் வினோத் மேனனும் செய்த ஆய்வுகள் அதைக் காட்டுகின்றன. இவர்கள் பார்த்தது பத்து வயதை ஒட்டிய, பேசத் தெரிந்த ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை. 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் குரல் பகுதிக்கும், இனிப்பு தின்றால், பாராட்டு கிடைத்தால் மகிழ்ச்சி தரும் மூளைப் பகுதிகளுக்கும் இடையே இருக்க வேண்டிய தொடர்பு வலுவில்லாமல் இருந்தது. தொடர்பு எவ்வளவுக்கு எவ்வளவு மெலிந்திருந்ததோ அவ்வளவுக்கு அந்தப் பிள்ளை மற்றவரோடு பேசிப் பழகுவதும் குறைந்திருந்தது. பின்னால், 2019-இல், அம்மாவின் குரலையே பதிவு செய்து கேட்கவைத்தார்கள். ஒரு நொடிக்கும் குறைவான, பொருளே இல்லாத ஒரு சொல். அம்மா சொன்னதும், முன்பின் அறியாத பெண் சொன்னதும் மாறி மாறி வரும். சாதாரணமாக ஒரு பிள்ளையின் மூளை அம்மாவின் அந்த உளறலுக்கே மலர்ந்துவிடும், மகிழ்ச்சிப் பகுதிகள் உட்பட. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் அந்த மலர்ச்சி குன்றியிருந்தது. இதை வைத்து, அம்மாமேல் பிள்ளைக்குப் பாசமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மடியில் வந்து ஒட்டிக்கொள்ளும் பிள்ளைதான் பேருக்குத் திரும்பாத பிள்ளையும். குரல் என்ற ஒற்றைக் கதவு வழியாக அந்த மகிழ்ச்சி உள்ளே வருவது குறைகிறது, அவ்வளவே. மகிழ்ச்சி தராத ஒலியை ஒரு பிள்ளை நாளைக்கு ஆயிரம் முறை காது கொடுத்துக் கேட்குமா? கேட்காத பேச்சு எப்படி வரும்?

கொஞ்சுகிற பேச்சுக்கும் இந்தச் சோதனை நடந்திருக்கிறது. “என் தங்கம்ல, என் ராசால்ல” என்று குரலை ஏற்றி இழுத்துப் பேசுவோமே, அது உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே மெட்டில் இருக்கிறது. அந்த மெட்டைத் தூங்கும் பிள்ளைகளுக்குக் கேட்கவைத்து, சான் டியாகோ குழு 2022-இல் எழுதியது. கொஞ்சலுக்கு எந்தப் பிள்ளையின் மூளை மிகக் குறைவாக எழுந்ததோ, அந்தப் பிள்ளைக்கே பேச்சும் பழக்கமும் மிகவும் பின்தங்கியிருந்தன.

சரி, விளம்பரப் பாட்டுக்கு மட்டும் ஏன் ஓடி வருகிறான்?

இதற்கு நல்ல குறிப்பு நம் நாட்டிலேயே கிடைத்தது. ஹரியானா மாநிலம் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே நந்தினி சாட்டர்ஜி சிங், மேகா சர்தா ஆகியோர் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஒரே மாதிரிச் சொற்களை இரண்டு விதமாகக் கேட்கவைத்தார்கள்: சாதாரணமாகச் சொல்லி ஒரு முறை, மெட்டுப் போட்டுப் பாடி ஒரு முறை. சொன்னபோது, கேட்கும் பக்கவாட்டுப் பகுதிக்கும் நெற்றிப் பக்கத்து மூளைக்கும் இடையே ஓட வேண்டிய போக்குவரத்து தடைப்பட்டிருந்தது. பாடியபோது அது மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடியது. 2015-இல் வெளியான இந்த முடிவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பேச்சு மிகவும் குறைந்த பிள்ளைகளையும் அவர்கள் சேர்த்துக்கொண்டதுதான். பெரும்பாலான ஸ்கேன் ஆய்வுகள் சொன்னபடி படுத்திருக்கக்கூடிய, பேசத் தெரிந்தவர்களோடு நின்றுவிடும். சர்தா பிறகு மான்ட்ரியாலுக்குப் போய், 6 முதல் 12 வயது வரையிலான 51 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சில வாரங்கள் இசைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். 2018-இல் அவர் வெளியிட்டபடி, இசைக் குழுவில் இருந்த பிள்ளைகளின் தொடர்பாடல் கூடியது, செவிக்கும் இயக்கத்துக்குமான மூளை இணைப்புகளும் வலுத்தன.

அதற்காக நாளைக்கே பாட்டு வாத்தியாரைத் தேட வேண்டாம். பாட்டு சர்வரோக நிவாரணி இல்லை. ஆனால் தெருவில் ஒரு பாதை அடைபட்டால் சுற்றுவழி உண்டா என்று பார்ப்பதுபோல, மூளையில் பாட்டுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது என்று தெரிகிறது. “வா சாப்புடு” என்பதையே ஒரே மெட்டில் தினமும் இழுத்துப் பாடுகிற தாய், தெரிந்தோ தெரியாமலோ அந்த வழியைத்தான் பயன்படுத்துகிறார்.

இனிப் பெற்றோர் தவறாமல் கேட்பது: எங்கள் பிள்ளைக்கும் அந்த ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா? வேண்டாம். நூறு பிள்ளைகளின் படங்களை அடுக்கிப் பார்த்தால் தெரியும் வேறுபாடு, ஒரு பிள்ளையின் படத்தில் தெளிவாகத் தெரியாது. இன்றைக்கு ஆட்டிசத்தைக் கண்டுபிடிப்பது பிள்ளை விளையாடுவதையும் பழகுவதையும் உட்கார்ந்து பார்த்துத்தான். ‘பிரெய்ன் மேப்பிங்’ என்று கலர் கலராகப் படம் கொடுத்துப் பணம் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் பேச்சு வரும் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குத் தவிர, ஆராய்ச்சிக்கு வெளியே ஸ்டெம் செல் சிகிச்சை செய்வது முறையல்ல என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017-இலேயே எழுதி வைத்திருக்கிறது. நிலத்தை அடமானம் வைக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்கேனில் மந்தமாகத் தெரிந்தால் பேச்சு வரவே வராது என்றும் இல்லை. நான்கு வயதில் சொற்களைச் சேர்த்துப் பேசாத, பிறகு எட்டு வயதைத் தாண்டிவிட்ட 535 பிள்ளைகளின் கதையை 2013-இல் அமெரிக்காவில் திரட்டினார்கள். 70 சதவீதம் பேர் அதன் பிறகு சிறு சிறு தொடர்களாவது பேசினார்கள், 47 சதவீதம் பேர் சரளமாகவே பேசினார்கள். “அஞ்சு வயசுக்குள்ள வரலைன்னா அவ்வளவுதான்” என்று ஊரில் சொல்வதை இந்த எண்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மறுபக்கம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குப் பள்ளி வயதிலும் சில சொற்களுக்கு மேல் வருவதில்லை. அதையும் மறைக்கக் கூடாது.

அச்சங்குளம் மாதிரி ஊரில் பேச்சுப் பயிற்சியாளருக்கு எங்கே போவது? தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பகால இடையீட்டு மையம் உண்டு, அதுதான் முதல் வாசல். ஆனால் தீப்பெட்டிக்கோ பட்டாசுக்கோ கூலிக்குப் போகும் தாய், வாரத்துக்கு இரண்டு நாள் வேலையை விட்டுப் பஸ் ஏற முடியாது. இந்தச் சிக்கலுக்கு கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஒரு வழி செய்து பார்த்தார்கள். கோவாவில் அதை நடத்தியது ‘சங்காத்’ என்ற அமைப்பு. நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம். தாயும் பிள்ளையும் விளையாடுவதைச் சின்ன வீடியோவாக எடுத்து, உடனே ஊழியரும் தாயும் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்ப்பார்கள். ‘இங்க பாருங்கக்கா, அவன் பந்தத் தொட்டப்ப உங்களப் பார்த்தான். நீங்க அந்நேரம் வேற ஏதோ கேட்டுட்டீங்க’ என்கிற மாதிரி. பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசு, கேள்வியாகக் கேட்டுத் துளைக்காதே, அதன் முறைக்குக் காத்திரு. பாடம் இவ்வளவுதான். 65 பிள்ளைகள் கலந்துகொண்ட அந்த ஆய்வு 2016-இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வந்தது. தாயின் பேச்சு பிள்ளையின் கவனத்தோடு ஒத்துப்போவது கூடியது, பிள்ளை தானாக வந்து எதையாவது காட்டுவதும் கேட்பதும் கூடின. எல்லாமே கூடிவிடவில்லை. தாயும் பிள்ளையும் சேர்ந்து ஒரே பொருளைக் கவனிக்கும் நேரம் குறைந்தது என்று அவர்களே ஒளிக்காமல் எழுதினார்கள். அப்படி எழுதியதால்தான் மற்றதை நம்பலாம்.

இன்னொரு சங்கதி. இந்தக் கரிசல் பக்கத்தில் பல வீடுகளில் பேச்சு தெலுங்கு, தெருவில் தமிழ், செல்போனில் இங்கிலீஷ் ரைம்ஸ். “ரெண்டு பாஷை பேசிக் குழப்பாதீங்க, இங்கிலீஷ் மட்டும் பேசுங்க” என்று ஆலோசனை சொல்லும் பள்ளிகள் உண்டு. இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு அதனால் பேச்சு மேலும் தாமதமாவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாய்க்குச் சரளமாக வராத மொழியில் தாயால் கொஞ்ச முடியாது. கொஞ்சலுக்கே மூளை மெல்ல எழுகிற பிள்ளைக்கு அதையும் பறித்துவிட்டு என்ன கொடுக்கப் போகிறோம்?

வாய்ப் பேச்சு வரும் வரை, அல்லது வராமலே போனாலும், சொல்ல நினைப்பதைச் சொல்ல வழி வேண்டும். சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான ‘வித்யாசாகர்’ நிறுவனத்தோடு சேர்ந்து வேலை பார்த்த அஜித் நாராயணன், ‘ஆவாஸ்’ என்ற கருவியை 2010-ஐ ஒட்டி உருவாக்கினார். பிறகு அது டேப்லட்டில் ஓடும் செயலியாக மாறியது, இப்போது தமிழிலும் பேசுகிறது. பிள்ளை தண்ணீர்ப் படத்தைத் தொட்டால் “தண்ணி வேணும்” என்று குரல் வரும். படத்தைத் தொட்டுப் பழகிவிட்டால் வாய் திறக்க மாட்டான் என்ற பயத்தில் பெற்றோர் பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். இத்தகைய வழிகளைப் பயன்படுத்தியவர்கள் பற்றிய ஆய்வுகளில் முறையாகச் செய்யப்பட்டவற்றை 2006-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, பேச்சு குறைந்தவர் என்று ஒருவரும் இல்லை, பெரும்பாலோருக்குப் பேச்சு கூடவே செய்திருந்தது. டேப்லட் வாங்க முடியாத வீட்டில், அட்டையில் ஒட்டிய நாலைந்து படங்களும் இதே வேலையைச் செய்யும்: தண்ணி, சோறு, வலிக்குது, வெளிய போகலாம், சத்தம் வேண்டாம்.